நெஞ்சுவலிக்கு மாத்திரை எடுப்பவரா? விறைப்புத்தன்மை மாத்திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

சுந்தரபாண்டியம் மாதிரி ஊரில் மெடிக்கல் ஷாப்காரர் தெரிந்த முகமாகத்தான் இருப்பார். பக்கத்துத் தெருக்காரர், இல்லையென்றால் மாமன் மச்சான் முறை. அவரிடம் போய் விறைப்புத்தன்மைக்கு மாத்திரை கேட்க யாருக்கும் கூச்சம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறி, ஆள் தெரியாத கடையில் வாங்கிக்கலாம் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். வாங்குபவர் ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது.

அதிகம் எழுதப்படுபவை சில்டெனாஃபில், டடாலஃபில். இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் ஆராயப்பட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்கா இதை விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு அனுமதித்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதுதான் இதன் வேலை. ஆசையை இது உண்டாக்காது.

எது ஆபத்து?

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகளும் ரத்தக் குழாயைத் தளர்த்துபவையே. இரண்டும் சேர்ந்தால் பிபி மளமளவென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் எடுத்தால் குறைந்தது 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. தினமும் நைட்ரேட் எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. ராத்திரியில் அவருக்கு நெஞ்சு வலித்தால், வீட்டில் பெரியவருக்காக வாங்கி வைத்த மாத்திரையை மனைவி பதறிப்போய் நாக்குக்கு அடியில் வைத்துவிடலாம். அவர் ரகசியமாக என்ன சாப்பிட்டார் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? நெஞ்சுவலி வந்தால் உடனே 108-ஐ அழைத்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் வெட்கப்படக் கூடாது.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், பிபி மிகவும் குறைவாக உள்ளவர்கள் ஆகியோரும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

எப்படி எடுப்பது?

சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 25. சுமார் ஒரு மணி நேரம் முன்பு, நாளுக்கு ஒருமுறை மட்டுமே. எண்ணெய் மிதக்கும் பரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் வேலை செய்யும். ‘கேக்கலையே’ என்று இன்னொன்றைப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. டடாலஃபிலின் வேகம் 36 மணி நேரம் வரை இருக்கும். மது அதிகமானால் தலைசுற்றல் வரும்.

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு சகஜம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரெனப் பார்வையோ காதோ மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரைப் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்க்கரை, பிபி, இதயக் குழாய் அடைப்பு ஆகியவற்றின் முதல் அறிகுறியாகவே இந்தக் குறைபாடு வரலாம். அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் பிபியும் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

சரி, லேகியம், ‘மூலிகை’ பவுடர்? அமெரிக்காவில் ‘இயற்கை’ என்று விற்ற பல பொருட்களில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அந்நாட்டு மருந்துத் துறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டப்பாவில் பெயர் இருக்காது. நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் விளைவு அதேதான். ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு சட்டப்படி இந்தியாவில் குற்றம்.