துறைமுகமா, மரமா? அரும்பாவூரும் ஜெபாராவும்

பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தோனேசியாவின் நடு ஜாவாவிலுள்ள ஜெபாராவின் செதுக்குவேலை மரச்சாமான்களுக்கு அந்நாட்டுக் குறியீடு 2010-இலேயே கிடைத்துவிட்டது. பச்சைமலை அடிவாரத்துப் பேரூராட்சி ஒன்று. ஜாவாக் கடலோர ஊர் மற்றொன்று. இரண்டுக்கும் உளிதான் அடையாளம் என்றாலும், ஜெபாராவின் பெயர் உலகச் சந்தையில் ஒலிக்கும் அளவுக்கு அரும்பாவூரின் பெயர் ஒலிக்கவில்லை. ஜெபாராவுக்குக் கடல் இருக்கிறது, அரும்பாவூருக்கு இல்லை என்பது பலரும் சொல்லும் காரணம். அது போதாது என்பதே என் வாதம்.

ஜெபாரா துறைமுகம் 16-ஆம் நூற்றாண்டில் அரசி காலிஞாமாட் காலத்தில் புகழோடு இருந்தது, பிறகு மங்கிவிட்டது. இன்று அவ்வூர்க் கட்டில்களும் கதவுகளும் சாலை வழியாகத்தான் செமாராங் துறைமுகம் போய்க் கப்பலேறுகின்றன. பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் திருச்சி–சென்னை நாற்கரச் சாலையும் ஒரு துறைமுகத்துக்குத்தான் போகிறது. ஆக, கடல் பக்கத்தில் இருப்பது ஒரு வசதி; அதுவே முழு விளக்கமாகாது.

ஜெபாராவை வளர்த்தவை வேறு. அவ்வூரில் பிறந்த கார்த்தினி (1879–1904) உள்ளூர்த் தச்சர்களின் வேலையை டச்சு வாடிக்கையாளர்களிடம் கொண்டுசென்றார். நூறாண்டு கழித்து, 1997–98 ஆசிய நிதி நெருக்கடியில் இந்தோனேசிய ரூபியாவின் மதிப்பு சரிந்தபோது, டாலரில் வாங்குவோருக்கு ஜெபாராப் பொருள் மிக மலிவானது. பட்டறைகள் பெருகின. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஏறத்தாழ 15,000 பட்டறைகள் அங்கே இருந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டனர். அதே ஆண்டுகளில்தான் ஜாவாவின் அரசுத் தேக்குக் காடுகள் பெருமளவில் களவு போயின. ஜெபாராவை முன்மாதிரியாகக் காட்டுவோர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

அரும்பாவூர்ப் பட்டறைக்குள் வருவோம். ஒரே கட்டையிலிருந்து முழு உருவமும் வெளிவர வேண்டும். ஒட்டுப்போடுவது இங்கே மரபில்லை. வாகை, மா, வேம்பு ஆகியவை பழகிய மரங்கள். கட்டையின் நடுவே சூத்திரக்கோடு போட்டு, தாலக் கணக்குப்படி முகம், மார்பு, இடை, கால் என அளவு பிரிக்கிறார்கள். வாச்சியால் பருவெட்டாக வெட்டி, கொட்டாப்புளியும் உளியுமாக உருவம் திரட்டுகிறார்கள். வாகையின் வெளிறு நிறம் மங்கியது, வைரமோ ஆழ்ந்த பழுப்பு. வெளிறில் பூச்சி விழும் என்பதால் வைரம் பாய்ந்த பகுதியில்தான் முகம் அமைய வேண்டும். ஈரம் போகாத மரத்தில் கைவைத்தால், முடிந்த சிலையின் மார்பில் வெடிப்பு ஓடிவிடும். அத்தனை நாள் உழைப்பும் வீண். நன்கு உலர்ந்த மரத்தைக் கையிருப்பில் வைத்திருப்பவரே துணிந்து வேலை ஒப்புக்கொள்ள முடியும். அதற்குப் பணமும் இடமும் வேண்டும். இந்த ஊரின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில் வந்து நிற்பதாக நான் கருதுகிறேன்.

ஜெபாராவில் அறுப்பவர், பூட்டுபவர், செதுக்குபவர், உப்புத்தாள் தேய்க்கும் பெண்கள் என்று வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. நாற்காலியை அப்படிப் பிரிக்கலாம். ஒரே கட்டையில் எழும் நடராசரைப் பிரிக்க முடியாது. எனவே ஜெபாரா முழுவதோடும் அரும்பாவூரை ஒப்பிடுவது அளவுகோல் பிழை. அங்கேயே சிலைக்குப் பேர்போன முல்யோஹார்ஜோ, புடைப்புச் சிற்பத்துக்குப் பேர்போன செனெனான் ஆகிய கிராமங்களே அரும்பாவூருக்குச் சரியான இணை. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜெபாரா வீட்டுக்குச் செய்கிறது. அரும்பாவூரின் பழைய வாடிக்கையாளர் கோயில். தேரும் வாகனமும் தலைமுறைக்கு ஒருமுறை வரும் வேலை. இடைப்பட்ட காலத்தைச் சிறு சிலைகளின் விற்பனைதான் ஓட்டுகிறது.

பெரிய சந்தை மட்டும் கைவினைஞரைக் காப்பாற்றிவிடாது என்பதையும் ஜெபாராவே காட்டுகிறது. தேக்கு அருகி விலை ஏறியபோது, வெளிநாட்டு வணிகரின் விலைப்பேரத்துக்கும் மர வியாபாரிக்கும் இடையே சிறு பட்டறைகள் நசுங்கின. இன்று அங்குள்ள இளைஞர் பலர் உளியை விட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள்.

குறியீடு ஊரின் பெயரைப் பாதுகாக்கிறது. மரத்தைக் கொண்டுவந்து தருவதில்லை. பெரம்பலூரின் பருத்தி, மக்காச்சோள நிலங்களின் வரப்பிலும் ஏரிக்கரைகளிலும் வாகை வளரும். வைரம் பாய இருபது, முப்பது ஆண்டாவது ஆகும். வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் நடவுப் பட்டியலில் வாகைக்கு முதலிடம் தர வேண்டும். சிற்பிகள் பொதுவில் மரம் உலர்த்தி இருப்பு வைக்க ஊரிலேயே ஒரு கொட்டகை அமைத்துத் தர வேண்டும். கொட்டகையை இந்த ஆண்டே கட்டலாம். கன்றுகளை வரும் ஐப்பசி மழைக்கே நட்டாக வேண்டும்.