ஈரக்காற்றில் ஆறாயிரம் வோல்ட்: ஜாலான் புசார் வட்டாரத்துப் பழுதுபார்ப்புத் தொழில்

சிங்கப்பூரின் மின்னணுத் தொழில் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1960களில் தங்ளின் ஹால்ட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பூட்டி விற்ற செட்ரானும், அப்பத்தாண்டின் இறுதியில் வந்திறங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளும் அதில் தவறாமல் இடம்பெறுகின்றன. விற்ற பொருள் பழுதான பின் அதன் முதுகைக் கழற்றிப் பார்த்தவர்கள் இடம்பெறுவது அரிது. தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய சுங்கை ரோடும் ஜாலான் புசாரும் அவர்களுடைய நிலம். 1930களில் உருவான சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தைக்குத் ‘திருட்டுச் சந்தை’ என்று ஊரார் பெயரிட்டிருந்தனர். ‘ராபின்சன் பெத்தாங்’, அதாவது பிற்பகல் ராபின்சன், என்ற மலாய்ப் பெயரோ அக்காலத்து ஆடம்பரப் பேரங்காடியைச் சற்றே சீண்டிப் பார்த்தது. அங்கே தரைவிரிப்பில் பேசாமல் கிடந்த வானொலியை வாங்கியவர், அதைப் பேசவைக்கும் உதிரிப்பாகத்தைப் பின்னாளில் எழுந்த சிம் லிம் டவரின் கடைகளில் தேடிக்கொள்ள முடிந்தது என்பதும், இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தன என்பதும் இத்தொழிலின் வளர்ச்சிக்குச் சிறிய காரணங்கள் அல்ல.

இத்தொழிலில் தனித் துணிவு வேண்டிய கிளை உயர் மின்னழுத்தம். 1963 பிப்ரவரி 15 அன்று, யாழ்ப்பாணத்தில் பிறந்தவரான பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தபோது, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தமும் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்ந்தது எனலாம். படக்குழாயின் பின்முனையில் பிறக்கும் எலெக்ட்ரான்களை முன்திரைவரை இழுத்து மோதவைக்க அத்தகைய அழுத்தம் தேவைப்பட்டது. 1974இல் வண்ண ஒளிபரப்பு வந்த பின் பெரிய பெட்டிகளில் அது 25,000 வோல்ட்டை ஒட்டி நின்றது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் குழாய் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருந்து கைவைத்தவரைத் தூக்கி எறியும் என்பது மெக்கானிக்குகளின் முதற்பாடம்.

அந்த அறிவு முழுவதும் பொருந்துகிற இன்னொரு கருவி நிலைமின் ஒலிபெருக்கி. காந்தமும் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட வழக்கமான ஒலிபெருக்கியைப் போலன்றி, இதில் துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்துக்கு உயர் மின்னழுத்தத்தால் நிலையான மின்னூட்டம் தந்து, இசைக்கேற்ப மாறும் மின்னழுத்தத்தைத் தகடுகளுக்கு எதிரெதிராகச் செலுத்தினால், ஒரு தகடு இழுக்க மற்றது தள்ள, படலம் முழுவதும் ஒன்றாக அசைந்து ஒலியெழுப்பும். இங்கிலாந்தின் ஹன்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் நடத்திய குவாட் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கி இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் உச்சஸ்தாயிப் படலத்துக்கு ஏறத்தாழ 1,500 வோல்ட்டும், மந்திரஸ்தாயிப் படலங்களுக்கு 6,000 வோல்ட்டும் வேண்டும். சில நூறு வோல்ட் தரும் சிறு மின்மாற்றியோடு, டயோடுகளும் மின்தேக்கிகளும் ஏணிப்படிகளாக அடுக்கப்பட்ட மின்னழுத்தப் பெருக்கி ஒன்று சேர்ந்து, படிக்குப் படி அழுத்தத்தைக் கூட்டி அந்த அளவை எட்டுகிறது. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்தியதும் இதே ஏணியின் பிரம்மாண்ட வடிவம்தான் என்பதை அறிந்தால், வரவேற்பறையில் நிற்கும் பெட்டியின்மீது சற்று மரியாதை பிறக்கும்.

படலம் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதற்குத் தேவைப்படும் மின்னோட்டம் மிகமிக அற்பம். அந்த அற்பத்தில்தான் சிங்கப்பூரின் சிக்கல் தொடங்குகிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி, விடியலுக்கு முன் 90ஐயும் கடக்கும் ஊரில், மின்சுற்றுப் பலகைமேல் படிந்த தூசி நீரை உறிஞ்சி மின்சாரத்துக்குத் திருட்டு வழி திறந்துவிடுகிறது. அழுத்தம் இறங்கி ஒருபக்க ஒலி மங்குவதும், ‘டிக்’ என்ற ஓசையோ மெல்லிய சீறலோ எழுவதும் இதன் அறிகுறிகள். இவை டயோடு கெட்டதாலும் மின்தேக்கி கசிவதாலும் வரக்கூடும். எனவே பாகத்தை மாற்றுமுன் பலகையை ஆல்கஹாலால் துடைத்து உலர்த்திப் பார்ப்பது அறிவுடைமை. சாதாரண மல்டிமீட்டரை வைத்து அளந்தால், மீட்டரே இருக்கிற சொற்ப மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொண்டு, நல்ல பெருக்கியையும் கெட்டதாகக் காட்டிவிடும்; அதனால் பெரும் மின்தடை பொதிந்த நீண்ட அளவைக்கோலால்தான் அளக்க வேண்டும். பற்றவைப்பிலும் தனி நயம் உண்டு. ஈயம் கூர்முனையாக நின்றால் அம்முனையிலிருந்து மின்னூட்டம் காற்றில் கசியும் என்பதால், ஒவ்வொரு இணைப்பையும் முத்துப்போல் உருட்டி முடித்து, விளக்கை அணைத்து, இருட்டில் எங்கேனும் நீல ஒளி கசிகிறதா என்று பார்த்த பின்னரே, ஈரம் புகாதபடி உருக்கிய மெழுகை ஊற்றி மூடுவார்கள்.

சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. 2019 தொடக்கத்தில் அலைமருவி (அனலாக்) தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றது. தட்டைத் திரைகள் படக்குழாயை அதற்கு முன்பே வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தன. ஆகவே, உயர் மின்னழுத்த அறிவுக்கு வீட்டுக் கூடத்தில் எஞ்சிய இடம் கோல்மன் தெரு அடெல்பி கட்டட ஒலிக்கருவிக் கடைகளை நாடும் இசை ரசிகர்களிடம்தான் பெரிதும் ஒடுங்கியிருக்கிறது. அவர்களின் ஒலிபெருக்கியைச் சோதிக்க எடுக்கப்படும் பழைய அளவைக்கோல் வண்ணப் படக்குழாய்களுக்காகச் செய்யப்பட்டது. முப்பதாயிரம் வோல்ட்வரை கோடிட்ட அதன் முகப்பில், ஆறாயிரத்துக்கு முள் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்து நின்றுவிடுகிறது.