ஹவ் டு கெட் அவே வித் மர்டர்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2014 முதல் 2020 வரை ஆறு பருவங்களாக, 90 அத்தியாயங்கள் ஓடிய குற்றத் தொடர். உருவாக்கியவர் பீட்டர் நோவால்க். ஷோண்டா ரைம்ஸின் ஷோண்டாலேண்ட் நிறுவனம் தயாரித்தது.

பிலடெல்பியாவில் சட்டப் பேராசிரியராகவும் வழக்கறிஞராகவும் இருக்கும் அனலிஸ் கீட்டிங், ஐந்து மாணவர்களைத் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்கிறார். லைலா என்ற மாணவியின் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரெபெக்காவுக்காக வாதாடப் புகுகையில், சந்தேகம் சொந்தக் கணவர் சாம் பக்கமே திரும்புகிறது. பின்னர் சாமும் மாணவர் ஒருவர் கையால் சாகிறார். எதிர்த்தரப்பின் சாட்சியத்தை உடைக்கக் கற்றவர்கள் தங்கள் தடயத்தையே மறைக்க ஓடுவதுதான் முதல் பருவத்தின் விறுவிறுப்பு. பிந்தைய பருவங்களில் திருப்பங்கள் அளவுமீறிப் போகின்றன.

தொடரைத் தாங்கி நிற்பது வயோலா டேவிஸின் நடிப்பு. முதல் பருவத்தின் நான்காம் அத்தியாய முடிவில் அனலிஸ் கண்ணாடி முன் அமர்ந்து சவுரிமுடியைக் கழற்றுகிறார், ஒட்டு இமைகளைப் பிரிக்கிறார், ஒப்பனையைத் துடைத்தெடுக்கிறார். முடியைக் கழற்றும் காட்சி வேண்டுமென்று வற்புறுத்தியவர் டேவிஸே. அமெரிக்கத் தொலைக்காட்சி கறுப்பினப் பெண்ணை இவ்வளவு ஒளிவுமறைவின்றிக் காட்டியது அபூர்வம். 2015இல், நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார் டேவிஸ். அனலிஸின் தாயாக நடித்தவர் சிசலி டைசன்.