சங்கிலி ஒருவனா, இருவரா?

யாழ்ப்பாணத்தாருள் சங்கிலி மன்னன் பெயரைக் கேளாதார் இலர். மன்னாரிலே மதம் மாறியோரைத் தண்டித்தவன், பறங்கியரை எதிர்த்தவன், காக்கை வன்னியனாற் காட்டிக் கொடுக்கப்பட்டு முடியிழந்தவன் என்பது நாம் சிறுபராயந் தொட்டுக் கேட்டுவருங் கதை. ஆயின் அக்கதையிலுள்ள சங்கிலி ஒருவனல்லன், இருவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

1544இல் மன்னாரிற் கிறிஸ்தவரானோரைக் கொல்வித்தவனும், 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூர்மீது படையெடுத்தபோது எதிர்த்து நின்றவனும் முதற் சங்கிலி. 1619இல் ஒலிவேராவிடம் பிடிபட்டு, கோவாவிலே கொலைத்தண்டனை பெற்றவன் சங்கிலி குமாரன். இருவருக்குமிடையே அரை நூற்றாண்டுக்கு மேல் உண்டு.

இவ்விருவரையும் ஒருவராக்கியது எது? ஒல்லாந்தர் காலத்திலே, அவர்தம் அதிபதி ஒருவர் கேட்க, மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், இராசமுறை முதலிய பழைய நூல்களே அவருக்கு ஆதாரம். பறங்கியரின் கடிதங்களை அவர் கண்டவரல்லர். எனவே புலவர் பொய் புனைந்தார் என்றல் தகாது. ஓர் அரசு அழிந்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தவருக்கு அழிவின் காரணம் வேண்டியிருந்தது. ஓர் அரசனின் கொடுமை, ஒரு துரோகியின் வஞ்சனை என்றால் கேட்போர் உள்ளத்திற் பதியும். 1560, 1591, 1619 என மூன்று படையெடுப்புக்களாலும், திறைப்பணத்தாலும், அரச குடும்பத்துப் பிணக்குக்களாலும் இராச்சியம் சிறிது சிறிதாய்த் தேய்ந்தது என்றால் யார் இருந்து கேட்பர்?

இன்னொன்றும் நோக்குக. வைபவமாலை சங்கிலியை வீரனாகப் போற்றவில்லை. முறைதவறி அரசைக் கவர்ந்த கொடியவனாகவே காட்டுகிறது. அவனை வீரனாக்கி மேடையேற்றியவர் பிற்காலத்தவரே. மிஷன் பள்ளியிற் கற்ற யான் மன்னார்ச் செய்தியை வேதசாட்சிகள் சரித்திரமாகக் கேட்டேன். வீட்டிற் பாட்டனார் அதனையே அரச நீதி என்றார். ஏறக்குறைய அறுநூறு பேர் மாண்டனர் என்பதில் மாத்திரம் இரு சாராரும் ஒத்திருந்தனர்!

1928இல் சுவாமி ஞானப்பிரகாசர் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், புலவரின் கூற்றுக்களைப் போர்த்துக்கேய ஏடுகளோடு ஒப்புநோக்கிச் சோதித்தது. அவர் கத்தோலிக்க குருவானவர் என்பதற்காக நம்மவருட் சிலர் அந்நூலைத் தொடவும் அஞ்சுவர். அது பெரும் பேதைமை. அவர் முடிபுகளை மறுப்பதாயினும் முதலிற் படித்தல் வேண்டுமன்றோ?

இரு சங்கிலிகளுக்கும் இடைப்பட்ட காலத்தவன் எதிர்மன்னசிங்கன். 1591இற் பறங்கியர் கையால் முடிபெற்று, 1615 வரை ஆண்டான். அவர்க்கு அடங்கியவன் போலிருந்தும் கண்டி அரசனுக்கு மறைவில் உதவினான். துரோகி என்றோ வீரன் என்றோ எளிதிற் சொல்லவொண்ணாத இவனுக்கு நம் கதையில் இடம் அரிது. சங்க அங்கத்தவருள் ஒருவரேனும் அடுத்த ஆண்டு மலருக்கு இவனைப்பற்றி எழுதுவாராக.