நெல்லைச் சீமையும் ஆங்கில இலக்கியப் பட்டமும்

நம் வட்டத்தின் கூட்டங்களில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. தமிழில் கவிதை எழுத வருவோருள் இத்தனை பேர் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர்களாய் இருப்பது ஏன்? தமிழ் பயின்ற நண்பர்கள் இதைச் சற்றுக் குத்தலாகவே கேட்பர். நாங்குநேரியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் பாளையங்கோட்டை சென்று அப்பட்டத்தைப் பெற்றவன் என்ற முறையில், வரலாற்றின் துணைகொண்டு விடை தேட முற்படுகிறேன்.

ஆங்கில இலக்கியம் ஆங்கிலேயர்தம் பல்கலைக்கழகங்களில் பண்டுதொட்டே பயிலப்பட்டது என்று கருதுவோர் பலர். உண்மை வேறு. ஆக்ஸ்போர்டில் நெடுங்காலம் கிரேக்கமும் இலத்தீனுமே இலக்கியக் கல்வி எனக் கொள்ளப்பட்டன. ஆங்கிலத்துக்கெனத் தனித்துறை அங்கே ஏற்பட்டது 1894-இல்தான். கேம்பிரிட்ஜ் 1917 வரை காத்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகமோ 1857-இல் தோன்றியது. அதில் பட்டம் நாடிய தமிழ் மாணவன், ஆக்ஸ்போர்டு விழித்துக்கொள்ளுமுன்பே சேக்ஸ்பியரையும் மில்டனையும் உருப்போட்டுத் தேர்வெழுதிக்கொண்டிருந்தான். மெக்காலே 1835-இல் வகுத்த கொள்கையின் விளைவு இது. அரசாங்கத்துக்கு அலுவலர் வேண்டும். அலுவலர்க்கு ஆங்கிலம் வேண்டும். கவிதை அதற்கொரு கருவி, அவ்வளவே.

அக்கருவி நம் சீமையில் பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரி வழியாகவும், திருநெல்வேலி இந்துக் கல்லூரி வழியாகவும் வந்தது. பெண்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரி 1895-இல் வாயிற்கதவைத் திறந்தது. தூய சவேரியார் கல்லூரி 1923-இல் எழுந்தது. தொடக்கத்தில் பட்டம் பெற்றோர் பெரும்பாலும் மேற்சாதியினரே. கல்வி மறுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகள் அவ்வரிசையில் நுழைய மிஷன் பள்ளிகள் வழி செய்தன. அதை மறைத்துவிட்டு மெக்காலேயை மட்டும் வைதுகொண்டிருப்பது நேர்மையாகாது.

தந்தவர் நோக்கம் எதுவாயினும், பெற்றவர் அதைப் பயன்படுத்திய விதம் வேறு. கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எந்தப் பட்டமும் பெறாதவர். மரபுவழித் தமிழ்ப் புலவர். ஆயினும் ஜான் பனியனின் உரைநடைக் கதையைக் காப்பியமாக்கி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவியது. 1990-இல் நம் மாவட்டத்துக்கென அமைந்த பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. இன்று அப்பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெறும் எத்தனை பேர், லிட்டனையும் மனோன்மணீயத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்திருப்பர்?

இவ்வரிசையில் என் உள்ளத்தை மிகவும் தொடுபவர் அ. மாதவையா. திருநெல்வேலிக்கு அருகே பெருங்குளத்தில் 1872-இல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1892-இல் பி.ஏ. தேறியவர். அங்கே முதல்வராயிருந்த வில்லியம் மில்லர் சேக்ஸ்பியரில் தோய்ந்தவர். பட்டம் மாதவையாவுக்கு உப்பு, சுங்க இலாகாவில் உத்தியோகம் தந்தது. மெக்காலே விரும்பியதும் அதுதானே! அவரோ அத்தோடு நிற்கவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதினார். ஆங்கிலத்திலும் நாவல்கள் படைத்தார். அவற்றுள் 'கிளாரிந்தா' (1915) பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஒரு விதவையின் கதை. ஒதெல்லோ நாடகத்தைத் தமிழாக்கியபோது வெனிஸ் நகரத்து மூர் இனத்தான் 'கொற்கைச் சிங்களவன்' உதயலன் ஆனான். வெனிசுக்கு ஈடான துறைமுகம் தேடியவர்க்குப் பொருநையின் முகத்துவாரம் நினைவுக்கு வந்தது பாருங்கள்.

அவர் முடிவு இன்னும் பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையில் உறுப்பினரான அவர், 1925 அக்டோபர் 22 அன்று, பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என வலியுறுத்திப் பேசினார். பேசி முடித்ததும் அம்மன்றத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆங்கிலத்தில் நாவல் எழுத வல்லவர் தம் இறுதி மூச்சைத் தமிழ்ப் பாடத்துக்காகச் செலவிட்டார்.

தழுவலை ஏற்காத குரலும் இவ்வாற்றங்கரையிலிருந்தே எழுந்தது. இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன், பிறமொழிக் கதையை மொழிபெயர்க்கலாம், ஆளையும் ஊரையும் மாற்றித் தழுவலாகாது என்று வாதிட்டார். (அவர் கதைகளிலேயே தழுவல் உண்டென்று பிறர் குற்றம் சாட்டினர் என்பது தனிக்கதை.) இருசாராரும் ஆங்கிலத்தின் வழியே உலகைக் கண்டவர்கள், கண்டதைத் தமிழுக்குக் கொணரும் முறையில்தான் வேறுபட்டார்கள்.

வகுப்பறைக்கு வெளியே இதைச் செய்து காட்டியது ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி. நம்மைப் போன்ற இலக்கிய வட்டங்களுக்கெல்லாம் அதுவே மூத்தது. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லை. கவிதையை வாய்விட்டுப் பாடிச் சுவைத்தார்கள். அங்கே வந்தமர்ந்தவர்களுள் அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். பின்னாளில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வர். 'நாணல்' என்னும் புனைபெயரில் கவிதை எழுதிய அவருக்கு, 'வெள்ளைப் பறவை' 1968-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றுத் தந்தது. பட்டம் கவிஞனை ஆக்குவதில்லை. இத்தகைய முற்றம் கிடைத்தவனுக்கே அப்பட்டம் பயன்பட்டது என்பது என் துணிபு.

எங்கள் தலைமுறைக்கு அம்முற்றம் கிடைக்கவில்லை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த எங்களுக்கு மூலநூலைவிட உரைக்குறிப்பே உற்ற துணை. கோடை வெயிலைக் கொண்டாடும் கவிதையைச் சித்திரை மாதத்தில் வேர்த்து விறுவிறுத்துப் படித்தோம். நம் ஊரில் 1917-இல் பிறந்த நா. வானமாமலை, பாளையங்கோட்டையிலிருந்தே 'ஆராய்ச்சி' இதழை நடத்தி, நாட்டார் பாடல்களைத் திரட்டினார் என்ற செய்திகூட வகுப்பில் எங்கள் செவிக்கு எட்டியதில்லை.

மாதவையா கேட்டது பட்டப்படிப்பில் தமிழுக்கு ஓர் இடம். எங்கள் மதிப்பெண் பட்டியலில் 'பகுதி ஒன்று: தமிழ்' என்பதே முதல் வரியாக இருந்தது. எனினும் வகுப்பில் ஆள் குறைவாக இருந்ததும் அந்த மணி நேரத்தில்தான். வந்தவர்களிலும், பின்வரிசையில் அமர்ந்து அடுத்த வகுப்புக்குரிய மில்டன் குறிப்புகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தோர் சிலர். அவர்களுள் அடியேனும் ஒருவன்.