உடைப் பகட்டு வழக்குகள்

பகட்டாக உடுத்தித் திரிவதைச் சுட்டும் பழைய தமிழ்த் தொடர்கள். ‘வெள்ளையும் சொள்ளையுமாக’, ‘மல்லுவேட்டி மைனர்’ ஆகியன பரவலானவை.

நல்ல உடைக்கு இருந்த மதிப்பு பழைய இலக்கியத்திலும் தெரிகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், ஈரும் பேனும் பற்றி வேர்வையில் ஊறிய ஒட்டுத்துணியைக் களையச் செய்து, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்புச் சட்டை போன்ற ஆடையைப் பொருநனுக்கு அளிக்கிறான். பிற்காலத்தில் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் துகில் வகைகளை நீளப் பட்டியலிடுகிறார்.

இரவல் பகட்டைச் சொல்லும் பழமொழிகளும் உண்டு. பட்டுப்புடவையை இரவல் கொடுத்தவள் மணையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம். கட்டிப் போனவள் வெறுந்தரையில் உட்கார்ந்துவிடுவாளோ என்று உடைமைக்காரி படும் பதைப்பில் ஒரு கல்யாண வீடே தெரிகிறது.

‘மல்லுவேட்டி மைனர்’ தொடரில் வரும் ‘மைனர்’, வயது வராதவரைக் குறிக்கும் ஆங்கிலேயர் ஆட்சியின் சட்டச்சொல். சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குவிதிப்படி ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ ஏற்பட்டது. வயது வராத வாரிசை விட்டு ஜமீன்தார் இறந்தால், ஜமீன் நிர்வாகமும் வாரிசின் படிப்பும் அதன் பொறுப்பில் வரும். தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில் இத்தகைய வாரிசுகள் தங்கிப் படித்தனர். 1919இல் அதன் முதல்வர் டி லா ஹே சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகளின் பெயர்கள் அடிபட்டன.

மீசை வைத்த ஆளை ஏன் மைனர் என்றார்கள்? 1875ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டம் பொதுவாக 18 வயதை வைத்தாலும், கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பில் இருந்தவர்களுக்கு 21 என்றது. இருபது வயது வாலிபரும் ஏட்டில் மைனர்தான். பெயர் இதனால் நிலைத்திருக்கலாம். பத்திரங்களில் வரும் ‘மைனர் சொத்து’ என்ற பேச்சே போதும், ஜமீன் தொடர்பு வேண்டியதில்லை என்று கருதவும் இடமுண்டு.

அடைமொழியான ‘மல்லு’, மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பது என்பர். அந்த வேட்டிமேல் சில்க் ஜிப்பா, நெஞ்சில் பொன் பித்தான், துணிக்குள்ளிருந்து மங்கலாக மின்னும் புலிநகச் சங்கிலி, கிட்டே வருமுன்பே வந்துவிடும் அத்தர் வாசனை. வேலைக்குப் போகாதவரின் உடை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

‘வெள்ளையும் சொள்ளையும்’ என்பதில் ‘சொள்ளை’ எதிரொலிச் சொல்லாக இருக்கலாம்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது; அதன் பிறகும் ‘மைனர்’ என்ற பெயர் மறையவில்லை. ‘மல்லு வேட்டி மைனர்’ என்ற திரைப்படம் 1990இல் வெளியானது. நகைக்கடைகளில் ‘மைனர் செயின்’ இன்றும் விற்கிறது.