பால்டிக் கடலின் பழைய பாக்கி

ஒரு கடலுக்குள்ள வர்ற கழிவைப் பாதியாக் குறைச்சா, கடல் பாதியாவது தேறணும் இல்லையா? பால்டிக் கடல் தேறலை. ஏன்னு தோண்டப் போனா, விடை கடலடிச் சேத்துல இருக்கு.

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். ஸ்வீடன், ஃபின்லாந்து, போலந்துன்னு சுத்தி 9 நாடுகள். வெளிக்கடலுக்குப் போக டென்மார்க் பக்கம் இருக்கிற குறுகலான நீரிணைகள் மட்டும்தான் வழி. மேலே ஆத்துத்தண்ணி கலந்த லேசான நீர், அடியில கனமான உப்புநீர். ரெண்டும் லேசுல கலக்காது. அதனால அடியில எப்பவுமே ஆக்சிஜன் பஞ்சம்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வயல் உரம், பாஸ்பேட் கலந்த சலவைத்தூள், ஊர்ச் சாக்கடை எல்லாம் சேர்ந்து பாஸ்பரஸை அள்ளிக் கொட்டுச்சு. பாசிக்குக் கல்யாண விருந்து! தின்னு கொழுத்த பாசி செத்து அடியில விழ, அதை மட்கவைக்கிற பாக்டீரியா இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் காலி பண்ணிடுச்சு.

1974ல ஹெல்சிங்கி ஒப்பந்தம். பனிப்போர் காலத்துல ரெண்டு அணி நாடுகளும் ஒண்ணா உக்காந்து கையெழுத்துப் போட்டது பெரிய விஷயம். 1980ல அமலுக்கு வந்துச்சு. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1980களோட ஒப்பிட்டா, இன்னைக்கு உள்ளே வர்ற பாஸ்பரஸ் ஏறக்குறைய பாதிதான். ஆனா 2014ல வெளியான ஓர் ஆய்வு என்ன சொல்லுது? ஆக்சிஜன் வறண்ட கடலடிப் பரப்பு 115 வருஷத்துல சுமார் 5,000 சதுர கி.மீ.லேர்ந்து 60,000க்கு மேல போயிடுச்சாம்.

இதோட சூட்சுமத்தை 1941-42லயே இங்கிலாந்து ஏரிகளை வெச்சு கிளிஃபோர்ட் மார்டிமர் விளக்கிட்டார். ஆக்சிஜன் இருக்கிறவரை சேத்துல இருக்கிற இரும்புத்துரு பாஸ்பேட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆக்சிஜன் போனா துரு கரையும், பாஸ்பேட்டுக்கு விடுதலை. கடல்ல இன்னொரு வில்லனும் உண்டு: சல்ஃபைடு. அது இரும்பையே கவ்விக்கிட்டுப் போயிடும். வெளிய வந்த பாஸ்பேட்டைத் தின்னு நீலப்பச்சைப்பாசி வளரும் (நைட்ரஜனை அது காத்துலேர்ந்தே எடுத்துக்கும்). அது செத்து விழும், மறுபடி ஆக்சிஜன் காலி. முடிவில்லாத லூப்!

எங்க பாஷையில சொன்னா, பக்கை ஃபிக்ஸ் பண்ணியாச்சு, ஆனா டேட்டாபேஸ்ல பழைய கெட்ட டேட்டா அப்படியே கிடக்கு :-)

நைட்ரஜன் மாதிரி வாயுவா மாறிப் பறந்துபோகவும் பாஸ்பரஸால முடியாது. ஒண்ணு, தண்ணியோட வெளிக்கடலுக்குப் போகணும். இல்லைன்னா கால்சியத்தோடவோ இரும்போடவோ கனிமமா இறுகி, இல்ல மட்காத மிச்சமா சேத்துல நிரந்தரமாப் புதையணும். ரெண்டுமே மெதுவா நடக்கிற வேலை.

வேடிக்கை என்னன்னா, மொராக்கோவுல உரத்துக்காகத் தோண்டுற பாஸ்பேட் பாறையும் பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில புதைஞ்ச பாஸ்பரஸ்தான். கடல் அவ்வளவு காலம் எடுத்துப் புதைச்சதை நாம சில தலைமுறையில தோண்டி, வயல் வழியா இன்னொரு கடல்ல கொட்டுறோம்.

அப்போ ஒப்பந்தம் வீணா? இல்லவே இல்லை. குழாயை மூடலைன்னா பாக்கி இன்னும் ஏறியிருக்கும். தாத்தா வாங்கின கடனைப் பேரன் அடைக்கிற கதைதான் இது. அடைக்கிற காலத்துல புதுக்கடன் வாங்காம இருக்கணும், அவ்வளவுதான்.